ஏற்கும் கை இல்லாத எறிவு



பதினொருவர் கூடி ஆடும் ஆட்டமொன்றில் ஒருவர் விலகினால் எஞ்சுவோர் பதின்மர். விலகியவரின் இடத்திலே மற்றொருவர் வந்து நின்றவுடன் மீண்டும் பதினொருவர். எண்ணிக்கையளவில் நோக்கின் இழப்பு யாதும் இல்லை. ஆயினும் ஆடுகளத்திலே நிகழ்வது இந்த எண்கணக்குக்கு அடங்குவதன்று. சில வேளைகளில் ஒருவர் போனதும், போகாத பதின்மரும் தம் திறமையிற் பாதியை இழந்தவர் போலக் காணப்படுகின்றனர். நேற்றுவரை நாட்டிலே தலைசிறந்தவர் எனப் போற்றப்பட்ட ஆட்டக்காரரே இன்று தடுமாறுகின்றார். இஃது எதனால் நிகழ்கின்றது? இவ்வினாவுக்கு விடைகாண, அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஆடப்படும் உதைபந்தாட்டத்திலிருந்து ஓர் உண்மை வரலாற்றை எடுத்துக்கொண்டு ஆராய்வோம்.

நாம் உதைபந்தாட்டம் என்று வழங்குவது வேறு. அமெரிக்கர் அப்பெயரால் அழைப்பது வேறு. அவர்களுடைய ஆட்டம் றகர் ஆட்டத்துக்கு உறவானது. மூன்று அடி கொண்ட யார் அளவிலே நூறு யார் நீளமுள்ள களத்தில், பக்கத்துக்குப் பதினொருவராக நின்று ஆடுவர். பந்தை வைத்திருக்கும் அணிக்கு நான்கு முயற்சிகள் அளிக்கப்படும். அந்நான்கினுள் பத்து யார் தூரமாவது முன்னேறிவிட்டால் மீண்டும் நான்கு முயற்சிகள் கிடைக்கும்; முன்னேறாவிடின் பந்து எதிரணிக்குச் சேரும். இவ்வாறு முன்னேறிச் சென்று எதிரணியின் எல்லைக்குள் பந்தைச் சேர்த்தால் ஆறு புள்ளிகள். அதனை டச்டவுண் என்பர். பந்தைக் கையில் ஏந்தியபடி ஓடியும் முன்னேறலாம். முன்னோக்கி எறிந்து, தொலைவில் ஓடும் தோழரைப் பிடிக்கச் செய்தும் முன்னேறலாம். இந்த முன்னெறிவு 1906ஆம் ஆண்டிலேதான் விதிகளால் அனுமதிக்கப்பட்டது. றகர் ஆட்டத்தில் முன்னோக்கி எறிவது குற்றம் என்பதை நேயர்கள் அறிவர். ஆகவே இவ்விரு ஆட்டங்களும் வழிபிரிந்த இடங்களில் இதுவே முதன்மையானது எனலாம்.

பந்தை எறிபவரைக் குவாட்டர்பக் என்று அங்கே அழைக்கின்றனர். அதனை ஓடிப் பிடிக்கும் பணிக்குரியவர் ஏற்பவர். எறிபவரின் புகழே எங்கும் பேசப்படுகின்றது. பெருஞ் சம்பளமும் அவருக்கே. ஆனால் ஏற்பவர் இல்லாமல் எறிவு என்று ஒன்று இல்லை என்பதைச் சற்றுச் சிந்திப்போர் உணர்வர்.

இனி நாம் காணவிருக்கும் அணி கிறீன் பே பக்கர்ஸ் என்பது. விஸ்கொன்சின் மாநிலத்திலுள்ள கிறீன் பே நகரில் வாழ்வோர் ஓர் இலட்சத்துக்குச் சற்று மேற்பட்டவரே. நியூ யோர்க், சிக்காகோ முதலிய மாநகரங்களின் அணிகளோடு இச்சிறு நகரத்தின் அணி 1919ஆம் ஆண்டு தொடங்கி இன்றுவரை நிலைத்து ஆடிவருகின்றது. ஏனைய அணிகளெல்லாம் செல்வர்களின் உடைமையாக இருக்க, இவ்வணி மட்டும் 1923ஆம் ஆண்டு முதல் பொதுமக்களின் உடைமையாக உள்ளது. பங்குதாரர் ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்டோர். இலாபப் பங்கு என்று ஒரு காசும் அவர்களுக்குக் கிடைப்பதில்லை. ஆகையினால் இந்த அணியின் வெற்றியும் தோல்வியும் அந்த ஊராருக்கு வீட்டு நன்மை தீமை போன்றவை.

2008ஆம் ஆண்டு முதல் இவ்வணியின் எறிபவராக விளங்கியவர் ஆரன் றொஜர்ஸ். 2011ஆம் ஆண்டு பெப்ரவரியில் அணிக்கு நாட்டின் வெற்றிக் கிண்ணத்தைப் பெற்றுத் தந்தவர். ஆண்டின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் என்னும் விருதை 2011, 2014, 2020, 2021 ஆகிய நான்கு ஆண்டுகளில் வென்றவர். இத்தகைய ஒருவரின் எறிவு ஏற்பவரை இழந்தபோது எவ்வாறு ஆயிற்று என்பதே நம் ஆராய்ச்சிக்கு ஏற்ற சான்று. எறிபவர் சாதாரணமானவராயின், குறை அவருடையதே என்று கூறிவிட்டு அப்பாற் சென்றுவிடலாம் அன்றோ?

முதலில் இவ்விருவரிடையே உள்ள உறவின் தன்மையை அறிந்துகொள்ளல் வேண்டும். பந்து எறிபவரின் கைக்கு வந்தபின் அவருக்குக் கிடைக்கும் காலம் இரண்டரை அல்லது மூன்று விநாடிதான். அதற்குள் எதிரணியின் பெருவீரர்கள் அவரை வீழ்த்தப் பாய்ந்து வருவர். ஏற்பவர் ஓடிப் பந்துக்காகத் திரும்பிப் பார்க்கும்வரை காத்திருந்து எறிந்தால் காலம் கடந்துவிடும். எனவே, ஏற்பவர் திரும்புமுன்னரே, அவர் இன்னும் வந்தடையாத இடத்தை நோக்கிப் பந்தை எறிகின்றார். எறியும்போது அந்த இடத்தில் எவரும் இல்லை. பந்து அங்கே சேரும் கணத்தில் தோழரும் சேர்வார் என்னும் நம்பிக்கையே அவருக்குத் துணை. நம் நாட்டுக் கரப்பந்தாட்டத்திலே, பந்தை உயர்த்திக் கொடுப்பவர் அடிப்பவரின் கையை நோக்கிக் கொடுப்பதில்லை. அவர் எழும்பி வரவிருக்கும் உயரத்துக்கே கொடுக்கின்றார். அதனை ஒத்ததே இதுவும்.

இந்நம்பிக்கை ஒருநாளில் வருவதன்று. எதிரணிக் காவலர் நெருங்கி நின்றால் ஓட்டத்தை எங்கே முறிப்பது, விலகி நின்றால் எத்தனையாம் அடியில் நிற்பது, கண்சாடைக்குப் பொருள் யாது என்பனவெல்லாம் பல்லாயிரம் முறை சேர்ந்து ஆடியதனால் இருவர் உள்ளத்திலும் ஒருங்கே படிந்தவை. ஏற்பவர் போகும்போது இந்தப் பொதுமொழியும் அவரோடு போய்விடுகின்றது.

இரண்டாவது காரணம் ஒன்றும் உண்டு. அது கண்ணுக்கு எளிதிற் புலப்படாதது. மிகச் சிறந்த ஏற்பவர், பந்து தம்மிடம் வராதபோதும் அணிக்குப் பயன்படுகின்றார். எதிரணியார் அவருக்கு அஞ்சி இருவரைக் காவலாக நிறுத்துவர். அவர் ஆழமாக ஓடினால் பின்களக் காவலர் அவர் பக்கம் சாய்வார். அதனால் ஏனைய தோழர்களுக்கு இடம் விரிகின்றது. அவர் நீங்கியதும், மேலதிகமாக நின்ற அந்தக் காவலர் விடுதலை பெறுகின்றார். அவர் முன்னே வந்து ஓட்டத்தைத் தடுக்கலாம்; வேறொருவருக்கு இரண்டாம் காவலாகலாம். எதிரணியின் முதற்றரக் காவலர், நேற்றுவரை இரண்டாம் நிலையில் இருந்த ஏற்பவரின் முன்னே வந்து நிற்பார். இவ்வாறு, எஞ்சியோர் ஒவ்வொருவரும் தத்தம் நிலைக்கு ஒருபடி மேலான சுமையைத் தாங்கவேண்டி நேர்கின்றது. ஒருவர் போகப் பலர் தடுமாறுவதன் உட்பொருள் இதுவே.

இனி வரலாற்றைக் காண்போம். 2014ஆம் ஆண்டில் றொஜர்ஸின் தலையாய துணைவர் ஜோர்டி நெல்சன். அவ்வாண்டில் நெல்சன் 98 பந்துகளைப் பிடித்து 1,519 யார் முன்னேற்றமும் 13 டச்டவுண்களும் ஈட்டினார். றொஜர்ஸின் எறிவுகள் ஒவ்வொன்றும் சராசரி 8.4 யார் பயன் தந்தன. டச்டவுண் எறிவுகள் 38. எதிரணியார் இடைமறித்துப் பிடித்தவை ஐந்தே. அடுத்த ஆண்டு, 2015 ஓகஸ்ற் 23ஆம் நாள், பிற்ஸ்பேர்க் நகரில் நடைபெற்ற முன்னோடிப் போட்டியொன்றிலே நெல்சனின் வலது முழங்காலிற் தசைநார் அறுந்தது. அவ்வாண்டு முழுவதும் அவர் ஆட இயலவில்லை.

முதல் ஆறு போட்டிகளிலும் அணி வென்றது. இழப்பு ஒன்றுமில்லை என்று பலரும் எண்ணினர். அதன்பின், நவம்பர் முதலாம் நாள் டென்வர் நகரிலே 29க்கு 10 என்ற புள்ளிகளால் தோல்வி வந்தது. அன்று நாட்டின் தலைசிறந்த எறிபவர் போட்டி முழுவதிலும் எறிந்து ஈட்டியது 77 யார் மட்டுமே. அதே மாதத்தில், 1991ஆம் ஆண்டுக்குப் பின் சொந்தக் களத்தில் ஒருமுறையேனும் தோற்றிராத டிற்றொயிட் அணியிடமும் தோற்றனர். ஆண்டு முடிவிலே 10 வெற்றி, 6 தோல்வி. எறிவொன்றுக்குச் சராசரி 8.4இலிருந்து 6.7 யாராக இறங்கியது. அதே கைகள், அதே பந்து, அதே பயிற்றுநர். ஆழமாக ஓடி எதிரணியை அச்சுறுத்துவோர் இல்லாமையால், எதிர்ப்பக்கக் காவலர் அனைவரும் முன்னே நெருங்கி வந்துவிட்டனர் என்பதே அறிந்தோர் கூறிய காரணம்.

அவ்வாண்டிலே நெல்சனின் இடத்தை நிரப்புவார் என எதிர்பார்க்கப்பட்ட இளைஞரொருவர் இருந்தார். 2014ஆம் ஆண்டின் இளம் வீரர் தெரிவிலே 53ஆம் இடத்திற் தெரியப்பட்டவர் அவர். 2015இல் 50 பந்துகளைப் பிடித்து 483 யார் ஈட்டினார், டச்டவுண் ஒன்றே. கைக்கு வந்த பந்துகள் பலவற்றைத் தவறவிட்டார். கணுக்காற் காயமும் சேர்ந்துகொண்டது. இவர் இப்பணிக்கு உரியவரல்லர் என்று எழுதினோரும் பேசினோரும் பலர். அந்த இளைஞரின் பெயர் டவான்ரே அடம்ஸ். நேயர்கள் இப்பெயரை நினைவில் வைத்துக்கொள்வார்களாக.

2016இல் நெல்சன் குணமடைந்து மீண்டார். மீண்டும் 97 பந்துகள், 14 டச்டவுண்கள். அதே ஆண்டில் அடம்ஸும் 12 டச்டவுண்கள் ஈட்டினார். முன்னைய ஆண்டிலே தவறிய அதே கைகள்தாம் அவை. இரண்டு காவலருக்கு உரியவராக நெல்சன் ஒருபுறம் நிற்க, மறுபுறத்தில் அடம்ஸ் தம் கலையைப் பயின்று முதிர்ந்தார். 2018ஆம் ஆண்டில் நெல்சன் அணியை விட்டு நீங்கியபோது, பொறுப்பை ஏற்க அடம்ஸ் ஆயத்தமாக இருந்தார். 2020இல் அவர் 18 டச்டவுண்களும், 2021இல் 123 பிடிகளும் 1,553 யாரும் ஈட்டி, நாட்டின் முதன்மை ஏற்பவருள் ஒருவரென மதிக்கப்பட்டார். 2019, 2020, 2021 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் அணி ஆண்டொன்றுக்குப் 13 வெற்றிகளைப் பெற்றது.

இவ்வெற்றிகளின் உள்ளே ஒரு குறை மறைந்திருந்தது. 2022 ஜனவரி 22ஆம் நாள், சான் பிரான்சிஸ்கோ அணிக்கு எதிரான நீக்கல் போட்டியில் றொஜர்ஸின் எறிவுகளில் 20 பிடிக்கப்பட்டன. அவற்றுள் 18 அடம்ஸுக்கும், ஓட்டக்காரரான ஆரன் ஜோன்ஸுக்கும் சென்றவை. போட்டி முடியும் தறுவாயில் இரு காவலர் சூழ ஓடிய அடம்ஸை நோக்கியே றொஜர்ஸ் நெடுந்தூரம் எறிந்தார். நடுக்களத்திலே அலன் லசார்ட் என்னும் மற்றொரு தோழர் காவலின்றி நின்றார். எறிவு பிடிக்கப்படவில்லை. அணி 13க்கு 10 என்ற புள்ளிகளாற் தோற்றது. ஒருவரை நம்புதல் வேறு. ஒருவரையே நம்புதல் வேறு. அடம்ஸ் இருந்தபோதே அவரை இழந்தாற் போன்ற இடர் அன்று தோன்றிவிட்டது.

அதே ஆண்டு மார்ச் 17ஆம் நாள் அடம்ஸ் லாஸ் வேகாஸ் றெய்டர்ஸ் அணிக்கு மாற்றப்பட்டார். கலிபோர்ணியாவிற் பிறந்து வளர்ந்த அவருக்கு அது சிறுவயது முதல் விருப்பமான அணி. பல்கலைக்கழகத்திலே அவருக்குப் பந்தெறிந்த டெறிக் கார் என்பவரே அங்கும் எறிபவராக இருந்தார். ஆகையால் இம்மாற்றத்திலே அவரைக் குறைகூற இடமில்லை. அவருக்கு ஈடாகக் கிறீன் பே அணி அவ்வாண்டின் இளம் வீரர் தெரிவிலே 22ஆம், 53ஆம் இடங்களைப் பெற்றது. அடம்ஸ் எந்த இடத்திற் தெரியப்பட்டாரோ, அதே 53ஆம் இடமே அவரது விலையிலும் ஒருபகுதியாக வந்தது வியப்புக்குரியது. அந்த இடத்தையும் 59ஆம் இடத்தையும் மினசோட்டா அணிக்குக் கொடுத்து, 34ஆம் இடத்தைப் பெற்று, கிறிஸ்டியன் வற்சன் என்னும் விரைந்தோடும் இளைஞரை அணியினர் தெரிந்துகொண்டனர்.

அப்போது பலர் ஒரு கணக்கைக் காட்டி ஆறுதல் கூறினர். 2019 முதல் 2021 வரை அடம்ஸ் ஆடாத போட்டிகள் ஏழு. அவ்வேழிலும் கிறீன் பே அணி வென்றிருந்தது என்பதே அது. கணக்கு உண்மையானதே. ஆயின் அதிலிருந்து பெறப்பட்ட முடிபு பிழையானது. ஒருவாரம் ஆடாதிருப்பவர் அடுத்த வாரம் வருவார். அவருக்காக வகுத்த ஆட்டமுறையை ஒருவாரம் மாற்றியமைக்கலாம். எதிரணியும் அப்புதுமுறைக்கு ஆயத்தமாக வந்திராது. நிலையாக நீங்கியவரின் வெற்றிடம் அத்தகையதன்று. ஓராண்டு முழுவதும் எதிரணிகள் அதனைப் படித்து, ஆராய்ந்து, அவ்விடத்திலேயே தாக்கும். குறுகிய காலத்துத் துணிவு நீண்டகாலத்துக்குப் போதாது.

2022 செப்டெம்பர் 11ஆம் நாள் மினசோட்டா அணிக்கு எதிராக ஆண்டின் முதற்போட்டி நடைபெற்றது. பந்து கைக்கு வந்த முதல் முயற்சியிலேயே றொஜர்ஸ் நெடுந்தூரம் எறிந்தார். வற்சன் காவலரை முற்றிலும் கடந்து ஓடிவிட்டார். முன்னே எவரும் இல்லை. பிடித்தால் 75 யார் தூரத்து டச்டவுண். பந்து கைகளில் வந்து வீழ்ந்து, நழுவி நிலத்திற் சென்றது. அணி 23க்கு 7 எனத் தோற்றது. ஒரு பந்து நழுவுவதாற் போட்டி தோற்பதில்லை. ஆனால் எறிபவர் தம் கையிலிருந்து பந்தை விடுமுன் ஒருகணம் தயங்கும்படி செய்ய அவ்வொரு நழுவல் போதும். ஒருகணத் தயக்கத்தின் விலை இவ்வாட்டத்தில் எவ்வளவு என்பதை முன்னரே கண்டோம்.

ஒக்டோபர் 9ஆம் நாள் தொடங்கி நவம்பர் 6ஆம் நாள்வரை தொடர்ந்து ஐந்து தோல்விகள். அவற்றுள் இறுதியானதில் றொஜர்ஸின் மூன்று எறிவுகளை டிற்றொயிட் அணியினர் இடைமறித்துப் பிடித்தனர். ஆண்டு முடிவிலே, முன்னாண்டின் 37 டச்டவுண் எறிவுகள் 26 ஆகவும், இடைமறிப்புகள் 4இலிருந்து 12 ஆகவும், எறிவின் சராசரி 7.7இலிருந்து 6.8 யாராகவும் மாறியிருந்தன. 13 வெற்றி பெற்ற அணி 8 வெற்றியும் 9 தோல்வியும் பெற்றது.

இவையனைத்துக்கும் அடம்ஸின் பிரிவே காரணம் என்று கூறுவது நீதியாகாது. லண்டன் மாநகரில் ஆடிய போட்டியிலே றொஜர்ஸின் வலக்கைப் பெருவிரல் முறிந்தது. மார்க்கஸ் வால்டெஸ் ஸ்கான்ற்லிங் என்னும் மற்றோர் ஏற்பவரும் அதே ஆண்டில் நீங்கியிருந்தார். தாக்குதலை வகுத்த துணைப் பயிற்றுநரும் வேறோர் அணிக்குத் தலைமைப் பயிற்றுநராகச் சென்றுவிட்டார். றொஜர்ஸுக்கு வயது 38. கோடையிலே நடைபெற்ற விருப்பப் பயிற்சிகளிற் பெரும்பாலானவற்றில் அவர் கலந்துகொள்ளவுமில்லை. புதியவர்களோடு பொதுமொழி பழகுவதற்குரிய காலம் அதுவே என்பதால், இதனைக் குறையெனக் கூறினோர் உளர். நோயொன்று, காரணம் பல என்பது போலவே இதுவும். ஆயினும் பல காரணங்களுள் மூலகாரணம் எது என்று கேட்பின், 2015ஆம் ஆண்டின் சான்றையும் அருகே வைத்து நோக்குவார்க்கு விடை தெளிவு.

இடையிலே ஒரு நம்பிக்கை ஒளி தோன்றியது. நவம்பர் 13ஆம் நாள் டலஸ் அணிக்கு எதிராக, இறுதிக் காற்பகுதியில் 14 புள்ளி பின்தங்கியிருந்து, மேலதிக நேரத்தில் 31க்கு 28 என வென்றனர். அன்று மூன்று டச்டவுண்களை ஈட்டியவர், செப்டெம்பரிற் பந்தை நழுவவிட்ட அதே வற்சன். மீண்டும் அவரை நோக்கி எறிந்தவர் அதே றொஜர்ஸ். ஆயினும் காலம் கடந்திருந்தது. 2023 ஜனவரி 8ஆம் நாள், வென்றால் நீக்கல் சுற்றுக்குச் செல்லலாம் என்ற நிலையில், சொந்தக் களத்திலே டிற்றொயிட் அணியிடம் 20க்கு 16 எனத் தோற்றனர். அன்று இடைமறித்துப் பிடிக்கப்பட்ட எறிவே றொஜர்ஸ் அந்த அணிக்காக எறிந்த இறுதிப் பந்து. அவ்வாண்டு ஏப்பிரலிலே அவர் நியூ யோர்க் ஜெற்ஸ் அணிக்கு மாற்றப்பட்டார்.

அப்படியாயின், சிறந்த ஏற்பவரை இழந்த அணியெல்லாம் வீழ்ந்தே தீருமோ எனில், அன்று. அதே 2022ஆம் ஆண்டு, அதே மார்ச் மாதத்தில், கன்சாஸ் சிற்றி சீவ்ஸ் அணி தன் தலையாய ஏற்பவரான தைறீக் ஹில்லை மயாமி அணிக்கு மாற்றியது. அவ்வாண்டில் அதன் எறிபவர் பற்றிக் மகோம்ஸ் 5,250 யாரும் 41 டச்டவுண்களும் எறிந்தார். 2023 பெப்ரவரி 12ஆம் நாள் அவ்வணி 38க்கு 35 என வென்று கிண்ணத்தையும் பெற்றது. வேறுபாடு யாது? ஹில் போனபின்னும் டிறாவிஸ் கெல்சி என்னும் மற்றொரு பெரும் ஏற்பவர் அங்கே எஞ்சியிருந்தார். 110 பிடிகள் அவருடையவை. பொதுமொழி பேச ஒருவராவது இருந்தார். அவரைச் சுற்றிப் பல கைகளுக்குப் பந்தைப் பகிர்ந்தளிக்கும் முறையைப் பயிற்றுநர் வகுத்தார். கிறீன் பேயிலிருந்து நீங்கிய வால்டெஸ் ஸ்கான்ற்லிங்கும் அங்கே சேர்ந்திருந்தார். இரண்டு தூண்களுள் ஒன்றை அகற்றிய மண்டபம் நின்றது. ஒற்றைத் தூணை அகற்றிய மண்டபம் சாய்ந்தது.

சென்றவரின் நிலையையும் நோக்குதல் வேண்டும். அடம்ஸ் புதிய அணியில் 100 பந்துகளைப் பிடித்து 14 டச்டவுண்கள் ஈட்டினார். தனித்திறமையிற் குறைவில்லை. ஆனால் முன்னாண்டிற் 10 வெற்றி பெற்றிருந்த அவ்வணி அவர் வந்த ஆண்டில் ஆறு வெற்றியே பெற்றது. பின்னர் 2024 ஒக்டோபரிலே அவர் நியூ யோர்க் ஜெற்ஸ் அணிக்கு வந்து, தம் பழைய நண்பர் றொஜர்ஸோடு மீண்டும் சேர்ந்தார். பிரிந்தவர் கூடினர் என்று பலரும் மகிழ்ந்தனர். அவர் வந்தபின் ஆடிய பதினொரு போட்டிகளில் அணி வென்றவை மூன்றே. இருவரிடையே இருந்த புரிந்துணர்வு பழுதடைந்தது என்பதன்று. அப்புரிந்துணர்வைத் தாங்கி நின்ற ஏனைய ஒன்பதின்மரும், ஒழுங்கும், இளமையும் அங்கே இல்லை. பழைய இசையை மீட்டுவதற்கு இரு நரம்புகள் மட்டும் போதா.

கிறீன் பே நகரிலோ, 2023ஆம் ஆண்டிலே ஜோர்டன் லவ் என்னும் புதிய எறிபவர் பொறுப்பேற்றார். ஏற்பவர்கள் முதலாம், இரண்டாம் ஆண்டு ஆட்டக்காரர்களே. ஒருவரும் ஆயிரம் யார் ஈட்டவில்லை. மிகுதியாகப் பிடித்த ஜேடன் றீட் 64 பந்துகளே பிடித்தார். தொடக்கத்திலே தோல்விகள் பல. ஆயினும் எறிபவரும் ஏற்பவர்களும் ஒருங்கே கற்று, ஒருங்கே தவறி, ஒருங்கே வளர்ந்தனர். லவ் 32 டச்டவுண்கள் எறிந்தார். 2024 ஜனவரி 14ஆம் நாள் டலஸ் நகருக்கே சென்று, அவ்வணியை 48க்கு 32 என வென்றனர். எவரைத் தடுப்பது என்று எதிரணி அறியவில்லை. தடுக்கவேண்டிய ஒருவர் என்று அங்கே எவரும் இல்லாமையே அதற்குக் காரணம்.

இவ்வரலாறு நமக்கு உணர்த்துவது யாது? பாடசாலையிலே நெடுங்காலம் பணியாற்றியோருக்கு இது புதிதன்று. ஆண்டுதோறும் தன் சிறந்த கைகளை வழியனுப்பி வைப்பதே பாடசாலையின் தொழில். நாடகத்தின் முதன்மை நடிகன், விவாதக் குழுவின் தலைவி, ஓட்டப் போட்டியின் இறுதிக் கோலை ஏந்துபவன் ஆகியோர் அனைவரும் ஒரு நாளிற் போய்விடுவர். அவர்கள் இருக்கும்போதே அடுத்தவரை அருகில் நிறுத்திப் பழக்காத ஆசிரியர், அவர்கள் போனபின் வெறுங்கையோடு நிற்பார். அடம்ஸ் வளர்ந்தது நெல்சனின் நிழலில். அடம்ஸின் நிழலில் எவரும் வளரவில்லை. 2015க்கும் 2022க்கும் இடையிலான வேறுபாடு இவ்வளவே.

மற்றொன்றும் கூறி முடிப்பேன். 2015இல் அடம்ஸ் பந்தைத் தவறவிட்டபோது, இவனால் ஆகாது என்று அணியினர் அவரை அகற்றியிருப்பின், பின்னர் வந்த பெருமையெல்லாம் வேறொருவருக்குச் சேர்ந்திருக்கும். நழுவிய பந்தொன்றைக் கொண்டு ஒரு கையின் மதிப்பை முடிவுசெய்தல் ஆகாது. அந்தக் கையை நோக்கி மீண்டும் எறிபவர் வேண்டும். இழப்பு நேர்ந்த வீட்டிலும், பாடசாலையிலும், அணியிலும் முதலில் தேவைப்படுவது அந்த இரண்டாவது எறிவே.